வெளியே 35 டிகிரி வெயில்... தட்டில் சில்லுனு உடோன்! ஜப்பானின் சம்மர் நூடுல்ஸ் பற்றி ஒரு முழு கைடு

காலை மணி 11 கூட ஆகவில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. பச்சை வயல்களுக்கு நடுவே, ஷெட் மாதிரி ஒரு சின்னக் கடை. வாசலில் தொடங்கிய வரிசை ரோடு வரை வந்து நிற்கிறது. ஒருத்தர் கையில் குட்டி ஃபேன், இன்னொருத்தர் கழுத்தில் ஈரத் துண்டு, பலர் தலைக்கு மேல் குடை. எல்லோரும் காத்திருப்பது ஒரே ஒரு கிண்ணம் நூடுல்ஸுக்கு. அதுவும் ஆவி பறக்கிற நூடுல்ஸ் இல்லை. தொட்டால் விரல் சில்லிட்டுப் போகிற நூடுல்ஸ்!

ஜப்பானின் ககாவா மாகாணத்தில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இது சர்வசாதாரணமான காட்சி. அந்த நூடுல்ஸின் பெயர் உடோன்.

‘நூடுல்ஸ்னா சுடச்சுட சாப்பிடணும். ஆறிப்போனதை யாராவது வரிசையில நின்னு வாங்குவாங்களா?’ என்று உங்களுக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். ஆனால், ஆறிப்போன நூடுல்ஸ் வேறு, குளிரவைத்த உடோன் வேறு. அந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், ஜப்பானுக்குப் போகும்போது மெனு கார்டைப் பார்த்து முழிக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்து பார்க்கவும் தைரியம் வந்துவிடும். வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

உடோன்னா என்ன?

கோதுமை மாவு, உப்பு, தண்ணீர். அவ்வளவுதான். முட்டை கிடையாது, எண்ணெய் கிடையாது. ராமென் நூடுல்ஸில் சேர்க்கிற காரத்தன்மையுள்ள உப்பும் இதில் இல்லை. சோபா நூடுல்ஸ் மாதிரி பக்வீட் மாவும் இல்லை.

பார்க்க வெள்ளையாக, தடியாக, வழவழவென்று இருக்கும். இயந்திரத்தில் தயாராகும் உலர்ந்த நூடுல்ஸுக்கு ஜப்பானில் அளவுக் கணக்கே உண்டு. விட்டம் 1.3 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சோமென். 1.3 முதல் 1.7-க்குள் இருந்தால் ஹியாமுகி. 1.7-ம் அதற்கு மேலும் என்றால் உடோன். கடைகளில் கையால் வெட்டித் தருகிற உடோன் இதைவிட இன்னும் தடியாக இருக்கும்.

ஊருக்கு ஊர் உடோன் மாறும். வடக்கே அகிதா மாகாணத்தின் இனானிவா உடோன் மெலிசானது. குன்மா மாகாணத்தில் மிசுசாவா கோயிலை ஒட்டிய கடைகளில் கிடைக்கும் மிசுசாவா உடோனைப் பெரும்பாலும் குளிரவைத்தே தருகிறார்கள். இதே குன்மாவில் இருக்கிற இசெசாகி நகரில்தான் 2025 ஆகஸ்ட் 5 அன்று 41.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதுவரை ஜப்பானில் பதிவானதிலேயே அதிகமான வெப்பம் அது. அந்த ஊர்ப்பக்கம் சில் உடோனை ஏன் விரும்புகிறார்கள் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும், உடோன் என்றதும் ஜப்பானியர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ககாவாதான். அந்தப் பகுதியின் பழைய பெயர் சனுகி. அதனால் இங்கே கிடைப்பது ‘சனுகி உடோன்’.

குளிர்ச்சி ஐஸால் வருவதில்லை!

சில் உடோன் என்றால் நூடுல்ஸுக்கு மேல் நாலு ஐஸ் கட்டி போட்டுத் தருவது என்று நினைத்தால், அது தப்பு. விஷயம் அலசுவதில் இருக்கிறது.

பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும். அதில் உடோன் பத்துப் பதினைந்து நிமிடம் வேகும். வெந்ததும் அள்ளி, ஓடுகிற தண்ணீரில் போட்டு, கையால் நன்றாகத் தேய்த்து அலசுவார்கள். துணி துவைப்பது மாதிரி என்றால் சரியாக இருக்கும். அப்புறம் இன்னொரு தொட்டியில், இன்னும் குளிர்ந்த தண்ணீரில் ஒரு முழுக்கு. கோடையில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுவென்று வரும் என்பதால், ஐஸையோ குளிர்விக்கும் இயந்திரத்தையோ பயன்படுத்துகிறார்கள்.

இப்படி அலசும்போது மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பான மாவுச்சத்து போய்விடும். நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டாது, மேல்பகுதி பளபளவென்று ஆகிவிடும்.

இரண்டு, வேகுவது அந்த நொடியே நின்றுவிடும். இல்லாவிட்டால் உள்சூட்டிலேயே மேலும் வெந்து குழைந்துபோகும்.

மூன்று, வெந்து இளகிய மாவுச்சத்து குளிரில் இறுகும். கடித்தால் முதலில் மெத்தென்று இறங்கி, நடுவில் ஒரு எதிர்ப்பு காட்டி, பிறகுதான் அறுபடும். இந்தத் தன்மைக்கு ஜப்பானியர்கள் வைத்திருக்கும் பெயர் ‘கொஷி’. இடுப்பு என்று அர்த்தம். ‘இந்தக் கடை உடோன்ல கொஷி இருக்கு’ என்றால், அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

இன்னொரு சுவாரஸ்யமும் இருக்கிறது. சனுகி கடைகளில் சூடான குழம்பில் தருகிற உடோனையும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிட்டு, மறுபடி வெந்நீரில் காட்டித்தான் தருவார்கள். அலசாமல் அண்டாவிலிருந்து நேராக வருவது ‘கமாஆகே’ போன்ற சில வகைகள் மட்டும்தான். ஆக, சூடாக வருகிற உடோனும் பெரும்பாலும் முதலில் சில் உடோனாக இருந்ததுதான். கோடையில் நீங்கள் சாப்பிடுவது, அந்த இரண்டாவது சூடு காணாத உடோன். கொஷி முழுசாகத் தெரிவது இதில்தான்.

வெயில் ஏறினால் உப்பும் ஏறும்!

மாவு பிசைகிறவர்களுக்குக் கோடை ஒரு சவால். சூட்டில் மாவு சீக்கிரம் தளர்ந்துவிடும். உப்பு அதை இறுக்கிப் பிடிக்கும். அதனால் சனுகியில் தலைமுறை தலைமுறையாக ஒரு கணக்கு சொல்கிறார்கள்: ‘டோ சான், கான் ரொக்கு’. அதாவது, கடும் கோடையில் ஒரு கிண்ணம் உப்புக்கு மூன்று கிண்ணம் தண்ணீர். கடும் குளிரில் ஒன்றுக்கு ஆறு. மற்ற நாள்களில் ஒன்றுக்கு ஐந்து.

தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில், வானிலையைச் சமையல் குறிப்பாக மாற்றிய ஃபார்முலா இது. ‘இவ்ளோ உப்பா?’ என்று பதற வேண்டாம். மாவில் சேர்த்த உப்பில் பெரும்பகுதி, வேகும்போதும் அலசும்போதும் தண்ணீரோடு போய்விடும்.

பிசைவதிலும் ஒரு ஸ்பெஷல் இருக்கிறது. மாவை பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றி, காலால் மிதிப்பார்கள். கைப் பலத்தைவிட உடம்பின் எடை மாவைச் சீராக அழுத்தும் என்பதால் இந்த வழக்கம். இப்போது நிறைய கடைகளில் இயந்திரம் வந்துவிட்டது.

ஏன் ககாவா?

பரப்பளவில் ஜப்பானின் மிகச் சிறிய மாகாணம் ககாவா. 2011-ல் ‘நாங்க உடோன் மாகாணம்’ என்று தனக்குத்தானே பெயர் வைத்து விளம்பரமே செய்தது. அங்கே 500-க்கும் மேற்பட்ட உடோன் கடைகள் இருக்கின்றன.

இதே மண்ணில் 774-ல் பிறந்த புத்தத் துறவி கூகாய், சீனாவுக்குப் போய்த் திரும்பும்போது உடோனைக் கொண்டுவந்தார் என்று ஊரில் கதை சொல்வார்கள். அது கதைதான். கையில் இருக்கிற சாட்சி என்றால், 1700-ஐ ஒட்டி வரையப்பட்ட ஒரு திரை ஓவியம். கொன்பிரா கோயில் திருவிழாவைக் காட்டும் அந்த ஓவியத்தில் உடோன் கடைகள் இருக்கின்றன.

காரணம் மண்ணும் கடலும். மழை குறைந்த பகுதி என்பதால் நெல் அறுத்த வயலில் கோதுமை விளைந்தது. பக்கத்துக் கடலோரத்தில் உப்பளங்கள் இருந்தன. ஷோதோஷிமா தீவில் சோயா சாஸ் தயாரானது. இபுகி தீவிலிருந்து ‘இரிகோ’ வந்தது. இரிகோ என்றால் அவித்துக் காயவைத்த நெத்திலி வகை மீன். சனுகி உடோன் குழம்பின் வாசனையே அதிலிருந்து வருவதுதான்.

கோதுமை அறுவடையும் நெல் நடவும் முடிந்ததும், வேலைக்குக் கைகொடுத்தவர்களுக்குப் புதுக் கோதுமையில் உடோன் செய்து போடுவது அந்த ஊர் விவசாயிகளின் வழக்கம். அந்த நாளை ஒட்டித்தான் ஜூலை 2-ம் தேதி ‘உடோன் தினம்’ ஆனது.

இன்று சனுகி உடோனுக்கான மாவில் பெரும்பகுதி ஆஸ்திரேலியக் கோதுமை என்பது பலருக்கும் ஆச்சர்யமாக இருக்கலாம். நிறமும் கொஷியும் அதில் நன்றாக வருகின்றன என்பதே காரணம். உள்ளூர் கோதுமையை மீட்கத்தான், ‘சனுகி நோ யுமே’ என்ற ரகத்தை மாகாணமே உருவாக்கி 2000-ல் கொண்டுவந்தது. ‘சனுகியின் கனவு’ என்று அர்த்தம்.

மெனு பார்த்து முழிக்காதீங்க!

கோடையில் நீங்கள் கேட்க வேண்டிய பெயர்கள் இவைதான்.

*ஸாரு:* மூங்கில் தட்டில் அலசிய உடோன், பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் குளிர்ந்த சாஸ். கொஞ்சம் எடுத்து, முக்கி, உறிஞ்ச வேண்டும். முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு இதுதான் சேஃப்.

*புக்ககே:* ‘மேலே ஊற்றியது’ என்று அர்த்தம். கெட்டியான குழம்பைக் கொஞ்சமாக மேலே ஊற்றி, வெங்காயத்தாள், இஞ்சித் துருவல், முள்ளங்கித் துருவல் போட்டுத் தருவார்கள். மீன் கேக் டெம்புரா வைத்த புக்ககே பலரின் ஃபேவரைட்.

*கிஜோயு:* சில் உடோன் மேல் சில சொட்டு சோயா சாஸ். வேறு குழம்பே கிடையாது. மாவின் ருசி ஒளிந்துகொள்ள இடமில்லாத வகை இது. மன்னோ ஊரில் இருக்கும் ஓகதாயா கடையில் முழு முள்ளங்கியையும் துருவலையும் கையில் கொடுத்துவிடுவார்கள். உடோன் வரும்வரை நீங்களே துருவிக்கொள்ள வேண்டும்!

*ஹியாகாகே:* குளிர்ந்த உடோன், குளிர்ந்த மெல்லிய குழம்பு. குழம்பையும் குடிக்கலாம்.

சில கடைகளில் ‘ஹியாஹியா’, ‘ஹியாஅட்சு’, ‘அட்சுஅட்சு’ என்று கேட்பதைப் பார்க்கலாம். ஹியா என்றால் குளிர்ச்சி, அட்சு என்றால் சூடு. முதல் பாதி நூடுல்ஸைக் குறிக்கும், அடுத்த பாதி குழம்பைக் குறிக்கும். ‘ஹியாஅட்சு’ கேட்டால் சில் உடோன் மேல் சூடான குழம்பு வரும். இரண்டுக்கும் நடுவே ஒரு சமாதானம்!

கடைக்குள் போனால்...

சனுகியில் பல கடைகள் செல்ஃப் சர்வீஸ். ட்ரே எடுங்கள். அளவு சொல்லுங்கள். சின்னது ‘ஷோ’, பெரியது ‘தாய்’. சின்னது என்றால் பொதுவாக ஒரு உருண்டை உடோன். அடுத்து வரிசையாக டெம்புரா இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொண்டு பணம் கட்டுங்கள். பெரும்பாலும் சில நூறு யென்னில் வயிறு நிறைந்துவிடும். வெங்காயத்தாள், இஞ்சி, பொரித்த மாவுத் துகள்கள் எல்லாம் தனியாக வைத்திருப்பார்கள், நீங்களே போட்டுக்கொள்ளலாம். ‘சுதாச்சி’ என்ற குட்டிப் பச்சை எலுமிச்சை கிடைத்தால் விடாதீர்கள். பக்கத்து மாகாணமான தோகுஷிமாவின் விளைச்சல் அது. சில் உடோனுக்கு செம ஜோடி. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

சத்தம் போட்டு உறிஞ்சலாமா? தாராளமாக. யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் அதிகம் மெல்லாமல், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்த உணர்வுக்காகவே சாப்பிடுகிறார்கள்.

சகாயிதே ஊரின் காமோ உடோன், அயகாவாவின் யமகோயே போன்ற பிரபலமான கடைகளுக்குப் போகிறவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். இது மாதிரிக் கடைகள் பல, காலையில் திறந்து மதியத்தோடு மூடிவிடும். மாவு தீர்ந்தால் அதற்கும் முன்பே கதவு சாத்திவிடும். ‘லஞ்சுக்குப் பொறுமையா மூணு மணிக்குப் போகலாம்’ என்பது அங்கே செல்லாது.

வரிசை வெயிலில்தான் நிற்கும். ஜப்பானின் ஈரப்பதமான கோடையில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. ஹீட் ஸ்ட்ரோக் எச்சரிக்கை அறிவிப்பு 2021 முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. அப்படி அறிவித்த நாளில் நீளமான வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். மற்ற நாள்களிலும் குடை, தொப்பி, தண்ணீர் பாட்டில் கட்டாயம். சில் உடோன் உள்ளே போய்க் குளிரவைக்கும் என்று நம்பி தாகத்தோடு நிற்காதீர்கள்.

இந்தக் குளிர்ச்சிக்கு ஒரு விலை இருக்கு

வேகவைக்க ஒரு அண்டா, அலச இரண்டு தொட்டி. சில் உடோன் தண்ணீரைக் குடித்து வளர்கிற உணவு. ஆனால், அதைக் கொண்டாடும் மாகாணம் தண்ணீர்ப் பஞ்சத்துக்குப் பெயர்போனது.

ககாவா தலைநகர் தகமட்சுவில் ஆண்டு மழை சுமார் 1,100 மில்லிமீட்டர். ஜப்பானின் சராசரி சுமார் 1,700. பெரிய ஆறுகளும் இல்லை. அதனால் அந்தக் காலத்திலிருந்தே குளம் வெட்டி மழைநீரைப் பிடித்து வைத்தார்கள். இன்றும் 12,000-க்கும் மேற்பட்ட பாசனக் குளங்கள் அங்கே உண்டு. மிகப் பெரியதான மன்னோ ஏரியின் உடைந்த கரையை 821-ல் சீரமைத்தவர், உடோன் கதையில் வந்த அதே கூகாய்.

இப்போது குழாயில் வரும் தண்ணீரில் சுமார் பாதி, மலைக்கு அந்தப் பக்கம் கொச்சி மாகாணத்தில் இருக்கும் சமேஉரா அணையிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. 1994 கோடையில் அந்த அணையின் பயன்பாட்டு நீர் பூஜ்யத்தைத் தொட்டது. தகமட்சுவில் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் மட்டுமே குழாயில் தண்ணீர் வந்த நாள்களும் இருந்தன. 2005-லும் அணை வறண்டது. அதாவது, சில் உடோனை எல்லோரும் தேடுகிற அதே மாதங்களில்தான், அதை அலசத் தண்ணீர் இருக்குமா என்ற கவலையும் வருகிறது.

வெளியே போகும் தண்ணீரும் ஒரு பிரச்னை. உடோன் வெந்த நீரில் மாவுச்சத்து நிறைய. அப்படியே கால்வாயில் விட்டால் நீர் கெட்டு நாறும். அதனால் சின்னக் கடைகளின் கழிவுநீர் மீதும் மாகாணம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மீந்த உடோனை நொதிக்கவைத்து எரிவாயு எடுத்து, மிச்சத்தை கோதுமை வயலுக்கு உரமாக்கும் முயற்சியும் தகமட்சுவில் நடந்திருக்கிறது.

உடம்புக்கு எப்படி?

வெயிலில் பசியே எடுக்காமல் சோர்ந்துபோவதை ஜப்பானியர்கள் ‘நட்சுபாதே’ என்பார்கள். அந்த நேரத்தில் வழுக்கிக்கொண்டு இறங்கும் சில் உடோன் வரப்பிரசாதம். ஆனால், தினமும் அதை மட்டுமே சாப்பிட்டால் சிக்கல்தான். உடோனில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. சாஸில் உப்பு அதிகம்.

நீரிழிவு பாதிப்பு ககாவாவுக்கும் பழைய கவலை. ‘உடோனோடு காய்கறியும் சாப்பிடுங்க’ என்று மாகாண நிர்வாகமே பிரசாரம் செய்கிறது. 2012 முதல் பள்ளிக் குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனையும் செய்கிறார்கள். எனவே முட்டை, சிக்கன், கீரை என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடோனோடு சோற்று உருண்டையும் வேண்டாம். ஸாரு சாஸை முழுதாகக் குடிக்காதீர்கள்.

வெஜிட்டேரியன்களுக்கு ஒரு அலர்ட்: கிண்ணத்தில் மீன் துண்டு தெரியவில்லை என்பதால் அது சைவம் ஆகிவிடாது. குழம்பும் சாஸும் கருவாட்டுச் சாற்றில் செய்தவை. கிஜோயு கேட்டால்கூட, மேலே ஊற்றுவது வெறும் சோயா சாஸா, மீன் சாறு கலந்ததா என்று விசாரித்துவிடுங்கள். கோதுமை அலர்ஜி உள்ளவர்களுக்கு உடோனே வேண்டாம்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். மூன்று பேருக்கு 300 கிராம் மைதா, 15 கிராம் உப்பு, 140 மில்லி தண்ணீர். உப்பைத் தண்ணீரில் கரைத்து, மாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசறுங்கள். முதலில் உதிரியாகத்தான் இருக்கும், பயந்துபோய் தண்ணீர் சேர்க்காதீர்கள். உருட்டி, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, மேலே ஒரு துணி போட்டு, மிதியுங்கள். மடித்து மறுபடி மிதியுங்கள். மூன்று நான்கு முறை போதும். இன்னும் ஒன்றரை மணி நேரம் ஊறட்டும்.

மூன்று மில்லிமீட்டர் கனத்தில் தேய்த்து, மாவு தூவி மடித்து, அதே அகலத்தில் வெட்டுங்கள். பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் 10 முதல் 12 நிமிடம். ஒன்றை எடுத்து, அலசிக் கடித்துப் பாருங்கள். நடுவில் பச்சை மாவு தெரியக் கூடாது. வெந்ததும் வடித்து, குழாய் நீரில் தேய்த்து அலசி, கடைசியில் ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம். நன்றாக உதறி வடித்துவிடுங்கள். தண்ணீர் நின்றால் சாஸ் நீர்த்துப்போகும்.

சைவ சாஸுக்கு, நான்கு காய்ந்த ஷிட்டாகே காளானை அரை லிட்டர் தண்ணீரில் ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். கொம்பு என்ற கடல்பாசி கிடைத்தால் ஒரு துண்டு சேர்க்கலாம். காலையில் கொம்புவை எடுத்துவிட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். அந்தச் சாறு நான்கு பங்கு, சோயா சாஸ் ஒரு பங்கு, கொஞ்சம் சர்க்கரை. ஆறவைத்து, குளிரவையுங்கள். மேலே இஞ்சித் துருவல், வெங்காயத்தாள், எள். டன்!

அலசிய தண்ணீரைக் கொட்டாமல் ஒரு வாளியில் பிடித்து வைத்தால், வாசல் கழுவ உதவும்.

கடைசியா ஒண்ணு...

வெந்த உடோனின் வெளிப்பக்கத்தில் ஈரம் அதிகம், நடுவில் குறைவு. அந்த வித்தியாசம்தான் கடிக்கும்போது கொஷியாகத் தெரிகிறது. நேரம் ஆக ஆக ஈரம் உள்ளே நகர்ந்து எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். அரை மணி நேரம் வைத்திருந்த உடோனில் குளிர்ச்சி இருக்கும், கொஷி இருக்காது. பிரபலமான கடைகள் மாவு தீர்ந்ததும் மூடுவதற்கும், கூட்டம் இருக்கிற கடையில் உடோன் நன்றாக இருப்பதற்கும் காரணம் இதுதான். அங்கே எதுவும் காத்திருப்பதில்லை.

ஆக, வெயிலில் ஒரு மணி நேரம் நின்று கையில் ட்ரே வந்ததும், இன்ஸ்டாவுக்கு ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர், கேப்ஷன் எல்லாம் அப்புறம். நீங்கள் உடோனுக்காகக் காத்திருந்தீர்கள். உடோன் உங்களுக்காகக் காத்திருக்காது!